கத்தரிக்காய்க்குப் பேசும் வாய் சம்பளத்துக்கும் பேசட்டும்: தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஒரு பேர வழிகாட்டி

டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியின் பங்களாதேஷ் சந்தையில் என் பக்கத்து வீட்டு அக்கா கத்தரிக்காய் வாங்குவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். முதலில் காயைத் தொடவே மாட்டார். கடைக்கார அங்கிளிடம் பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். மழையைப் பற்றி இரண்டு வார்த்தை. அப்புறம் ஒரு காயை எடுத்துக் காம்பைப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைப்பார். விலை கேட்பார். சொன்ன விலைக்குப் பதில் சொல்லாமல் அடுத்த கடைப் பக்கம் கண்ணைத் திருப்புவார். விலை இறங்கும், மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் வரும்.

அதே அக்காவின் மகன் உம்லாங்காவில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். நீட்டிய கடிதத்தில் என்ன தொகை இருந்ததோ அதற்கே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். ஏன்ப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். "கேட்டா என்ன நினைப்பாங்களோன்னு இருந்துச்சு ஆன்ட்டி" என்றான்.

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. 2011-ல் டர்பன் வந்து முதல் வேலைக்குப் போனபோது நானும் அதைத்தான் செய்தேன். அதே வாரம் அதே வேலைக்குச் சேர்ந்த இன்னொருவர் என்னைவிட மாதம் 2,000 ராண்ட் அதிகம் வாங்குகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் கேட்டிருந்தார், நான் கேட்கவில்லை. 2,000 ராண்ட் சின்னத் தொகை என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஊதிய உயர்வு சதவீதத்தில்தான் வரும். இருவருக்கும் ஆண்டுக்கு 6 சதவீதம் என்று வைத்தால், ஆறு வருடத்தில் அந்த இடைவெளி மொத்தம் 1,67,000 ராண்டைத் தாண்டிவிடும். முதல் நாள் பேசாமல் விட்ட ஐந்து நிமிடத்தின் விலை அது.

பேரம் நமக்குத் தெரியாத கலை இல்லை. பத்து ராண்ட் காய்க்குத் தெரிகிறது, பத்தாயிரம் ராண்ட் விஷயத்தில் மறந்துபோகிறது. அக்கா சந்தையில் செய்வதையே அலுவலகத்திலும், வாடகை வீட்டிலும், கார் கடையிலும் எப்படிச் செய்வது என்பதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: அடுத்த கடை எது?

அக்காவின் பலம் அவர் வாயில் இல்லை, அந்த அடுத்த கடையில் இருக்கிறது. இந்தப் பேச்சு முறிந்தால் நான் என்ன செய்வேன் என்ற கேள்விக்கு உங்களிடம் தெளிவான பதில் இருந்தால் குரல் தானாக நிதானமாகும். பதில் இல்லையென்றால் எத்தனை சாமர்த்தியமாகப் பேசினாலும் கெஞ்சல் தொனி வந்துவிடும்.

இந்த மண்ணில் நம்மவர்கள் இதை உயிரைக் கொடுத்துக் கற்றவர்கள். ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள்மேல் விதித்த ஆண்டுக்கு 3 பவுண்டு வரியை எடுக்கச் சொல்லி எத்தனையோ மனுக்கள் போயின, அசையவில்லை. 1913 அக்டோபரில் காந்தியின் தோழர் தம்பி நாயுடுவும் டிரான்ஸ்வாலிலிருந்து போன தமிழ்ப் பெண்களும் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளரிடம் பேசினார்கள். சுரங்கத்தில் வேலை நின்றது, பிறகு கரும்புத் தோட்டங்களிலும் நின்றது. அதன்பின்தான் காந்தியும் அமைச்சர் ஸ்மட்ஸும் உட்கார்ந்து பேசிய பேச்சுக்கு எடை வந்தது. 1914-ல் இந்தியர் நிவாரணச் சட்டம் அந்த வரியை ஒழித்தது. மனு எழுதியவர்கள் வாதத்தில் குறை இல்லை. மறுத்தால் என்ன ஆகும் என்பது எதிர்த்தரப்புக்கு அதுவரை தெரியவில்லை.

நமக்கு வேலை நிறுத்தம் தேவையில்லை. சம்பளம் பேசப் போகுமுன் வேறு இரண்டு நிறுவனங்களில் நேர்காணல் முடித்திருங்கள். வீடு பேசப் போகுமுன் இன்னொரு வீட்டைப் பார்த்து வையுங்கள். வேலை விசாவில் வந்தவர்களுக்கு இது கடினம் என்று எனக்குத் தெரியும். முதலாளி மாறினால் விசாவை மாற்றும் வேலையும் கூடவே வரும். அதனால்தான் நீங்கள் மற்றவர்களைவிட முன்னதாகத் தொடங்க வேண்டும். ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது தேடினால் கையில் எதுவும் இருக்காது.

இரண்டாம் படி: துண்டுக்கு அடியில் இருக்கும் எண்

ஊரில் மாட்டுச் சந்தை பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். தரகரும் வாங்குபவரும் கைமேல் துண்டைப் போட்டு, அதற்கு அடியில் விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்கு எண் தெரியாது. ஆனால் பிடிக்கிற இருவருக்கும் தம் தம் எல்லை மனத்தில் உறுதியாக இருக்கும், இல்லையென்றால் விரலை நீட்டவே முடியாது.

போகுமுன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள். இதற்குக் கீழே போனால் எழுந்து வந்துவிடுவேன் என்ற எல்லை ஒன்று. கிடைத்தால் மனநிறைவு என்ற எண் ஒன்று. வாயிலிருந்து முதலில் வரப்போகும் எண் ஒன்று. இது இரண்டாவதைவிடச் சற்றே மேலே, ஆனால் ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். எல்லை எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். அதை வீட்டில் அமைதியாக இருக்கும்போது எழுதியதற்குக் காரணம், அறையில் நெஞ்சு படபடக்கும்போது மாற்றாமல் இருக்கத்தான்.

மூன்றாம் படி: எதிரே இருப்பவருக்கு எங்கே முள் குத்துகிறது?

நான் அதிகம் நேரம் செலவழிக்கச் சொல்வது இங்கேதான். நம்மில் பலர் நமக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறோம்.

நிறவெறி ஆட்சியை முடிக்க நடந்த பேச்சுவார்த்தை 1992-ல் எந்த நிலையில் இருந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். 1991 டிசம்பர் 20-ல் கெம்ப்டன் பார்க்கில் கோடெசா மாநாடு தொடங்கியது. 1992 ஜூனில் போய்ப்பட்டோங் குடியிருப்பில் நடந்த படுகொலைக்குப் பிறகு பேச்சு அறுந்தது. அந்த ஆண்டு பிற்பகுதியில் மண்டேலாவின் ஏ.என்.சி. தரப்பில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜோ ஸ்லோவோ ஒரு யோசனையை முன்வைத்தார்: குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வோம், பழைய அரசு ஊழியரின் வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் உறுதி கொடுப்போம். சொந்தத் தரப்பிலேயே எதிர்ப்பு வந்தது. ஆனால் எதிர்த்தரப்பில் பல்லாயிரம் குடும்பங்களை உறுத்திய பயம் எது என்று அவர் கண்டுபிடித்திருந்தார். ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு என்ற கோரிக்கையில் கைவைக்காமல் அந்தப் பயத்தை எடுத்துவிட்டார். நமக்கு அதிகம் வலிக்காத, அவர்களுக்குப் பெரிதாக உதவுகிற ஒன்றைக் கொடுத்து, நமக்கு உயிரான ஒன்றைப் பெறுவது. இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மேலாளருக்கு இந்த ஆண்டு சம்பள ஒதுக்கீட்டில் இடம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் மாதக் கடைசிக் கணக்கு முடிக்க ஆள் இல்லாமல் தவிக்கலாம். வீட்டுக்காரருக்கு வாடகை 300 ராண்ட் குறைவது பெரிதில்லை, வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடப்பதுதான் பயம். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி கேட்பது. "இந்த வேலையில இப்ப உங்களுக்குப் பெரிய தலைவலி எது?" "போன வாடகைக்காரர் ஏன் காலி பண்ணினார்?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வந்த பிறகும் மூன்று விநாடி பொறுங்கள். மிச்சம் இருக்கும் உண்மை அந்த மூன்று விநாடியில்தான் வெளியே வரும்.

இதோடு சேர்ந்ததுதான் வணக்கம் சொல்வது. குவாசூலு-நட்டாலில் சூலு மொழியில் "சாவுபோனா" என்று வணக்கம் சொல்லி, "உன்ஜானி" என்று நலம் கேட்காமல் விஷயத்தைத் தொடங்குவது முகத்தில் அடித்தமாதிரி. அக்கா பேத்தியை விசாரித்தது தந்திரம் இல்லை, மரியாதை. அந்தப் பேச்சுவார்த்தையில் ஏ.என்.சி. தரப்பின் சிரில் ராமபோசாவும் அரசுத் தரப்பின் ரூல்ஃப் மேயரும் ஒரு பண்ணையில் மீன் பிடிக்கப் போனபோது மேயரின் விரலில் தூண்டில் முள் ஏறியதும், ராமபோசா அதைப் பிடுங்கி எடுத்ததும் இங்கே பலர் அறிந்த கதை. பின்னால் எல்லாம் அறுந்து கிடந்த மாதங்களில் பேச்சின் நூலைப் பிடித்து வைத்திருந்தவர்கள் அந்த இருவர்தான்.

நான்காம் படி: யார் முதலில் எண் சொல்வது?

சந்தை விலை உங்களுக்கு நன்றாகத் தெரிந்தால் நீங்களே முதலில் சொல்லுங்கள். முதலில் விழுந்த எண்ணைச் சுற்றித்தான் மிச்சப் பேச்சு சுழலும். தெரியாவிட்டால் அவர்களைச் சொல்ல விடுங்கள். சொன்னதும் முகம் சுளிக்கவும் வேண்டாம், உடனே சரி என்றும் சொல்ல வேண்டாம். "இந்தத் தொகைக்கு எப்படி வந்தீங்க?" என்று கேளுங்கள். விட்டுக்கொடுக்கும்போது எதையும் சும்மா கொடுக்காதீர்கள். "அதைக் குறைச்சுக்கிறேன், ஆனா இதைச் சேர்த்துக் கொடுங்க" என்று ஒவ்வொரு முறையும் ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போடுங்கள்.

ஐந்தாம் படி: சம்பள அறைக்குள்

இங்கே கடிதத்தில் வரும் தொகை பெரும்பாலும் 'காஸ்ட் டு கம்பெனி', அதாவது நிறுவனத்துக்கு நீங்கள் ஆகும் மொத்தச் செலவு. பிராவிடண்ட் ஃபண்டுக்கு முதலாளி கட்டுவது, மெடிக்கல் எய்ட் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். ஊரிலிருந்து புதிதாக வருபவர்கள் அந்த எண்ணைப் பார்த்து மயங்கி, முதல் மாதம் கைக்கு வந்ததைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். ஆகவே முதல் கேள்வி: வரி, வேலையில்லாக் காப்பீட்டின் 1 சதவீதம், ஃபண்ட் எல்லாம் போக என் கணக்கில் எவ்வளவு விழும்?

அடுத்து, சட்டம் ஏற்கெனவே தருவது எது, நீங்கள் பேசிப் பெற வேண்டியது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆண்டு விடுமுறை தொடர்ச்சியாக 21 நாள், வாரம் ஐந்து நாள் வேலைக்கு 15 வேலை நாள். இது சட்டம், சலுகை இல்லை. வாரம் 45 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு. ஆனால் அரசு அறிவிக்கும் ஆண்டு வருமான வரம்புக்கு மேல் வாங்குபவர்களுக்கு இந்த நேர வரம்பும் ஓவர்டைம் விதியும் பொருந்தாது. நம் கணக்காளர்களும் கணினிக்காரர்களும் இரவு பத்து மணி வரை உழைத்துவிட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்று புலம்புவது இதனால்தான். அந்த வரம்புக்கு மேல் இருந்தால் கூடுதல் நேரத்துக்கு என்ன என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள். பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் சட்டத்தில் இல்லை. கடிதத்தில் எழுதியிருந்தால்தான் உங்களுடையது.

பேசும் வாக்கியம் குட்டையாக இருக்கட்டும். இப்படி:

"இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. இதே பொறுப்புக்கு மத்த இடங்கள்ல கொடுக்கறதையும், நான் போன வேலையில செஞ்சதையும் வெச்சுப் பார்த்தா 28,000 சரியா இருக்கும்னு நினைக்கிறேன்."

அங்கேயே நிறுத்துங்கள். "ஆனா பரவாயில்ல, உங்களால முடிஞ்சதைப் பாருங்க" என்று நீங்களே ஒட்டவைக்கும் வால்தான் உங்கள் முழுப் பேச்சையும் அழிக்கிறது. நம் வளர்ப்பில் அமைதி சங்கடமாகிவிட்டது, அதை நிரப்பத் துடிக்கிறோம். வேண்டாம், அவர்கள் நிரப்பட்டும்.

"பட்ஜெட் 25,000-தான்" என்று வந்தால் பேச்சு முடியவில்லை. "சரி, தொடக்கம் 25,000. ஆறு மாசத்துல இந்த மூணு வேலையை முடிச்சுக் காட்டினா 28,000-க்குப் பரிசீலனை உண்டுன்னு கடிதத்துல சேர்க்க முடியுமா? வெள்ளிக்கிழமை வீட்டுலேர்ந்து வேலை செய்யலாமா?" என்று கேட்கலாம். வீட்டுக் கஷ்டத்தைக் காரணமாகச் சொல்லாதீர்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் உண்மைதான், கனமானதுதான், ஆனால் நிறுவனம் உங்கள் வேலைக்குத்தான் விலை கொடுக்கிறது.

ஆட்குறைப்பு என்று கடிதம் வந்தால் கையெழுத்துக் கேட்கும் அன்றே போடாதீர்கள். ஆட்குறைப்புக்கு முன் கலந்து பேச வேண்டியது முதலாளியின் கடமை. முடிந்த ஒவ்வொரு ஆண்டுக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் என்பது அடிமட்டம் மட்டுமே, அதற்கு மேல் பேச இடம் இருக்கிறது.

ஆறாம் படி: வீடும் பொருளும்

வாடகை வீட்டில் பேரம் சாவி வாங்கும் நாளில் தொடங்குகிறது. குடியேறுமுன் வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துக் குறைகளை எழுத வேண்டும் என்பது 1999-ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டம். செல்போனில் ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள். நீங்கள் கொடுத்த டெபாசிட் வட்டி வரும் கணக்கில் இருக்க வேண்டும். காலி செய்யும்போது பாக்கி எதுவும் இல்லையென்றால் 7 நாளில் வட்டியோடு திரும்ப வர வேண்டும். பழுது பார்க்க வேண்டியிருந்தால் அந்தச் செலவு போக, வீட்டை ஒப்படைத்த 14 நாளில் மிச்சம். வீட்டுக்காரர் அந்தக் கடைசிப் பார்வையிடலுக்கு வரவே இல்லையென்றால் வீடு நல்ல நிலையில் இருந்ததாகவே கொள்ளப்படும். இந்த ஒரு விவரம் தெரிந்ததால் தன் 9,000 ராண்டைச் சண்டையில்லாமல் வாங்கிய தோழி எனக்கு உண்டு.

ஆண்டு உயர்வு பேசும்போது: "வாடகை ஒரு நாள்கூடத் தவறலை. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேன்னு எழுதித் தரேன், உயர்வைப் பாதியாக்குங்க." வீடு பூட்டிக் கிடக்குமோ என்ற பயத்தைத் தீர்க்கிற வாக்கியம் இது.

கடையில் வாங்கிய பொருள் ஆறு மாதத்துக்குள் பழுதானால், சரிசெய்வதா, மாற்றுவதா, பணம் திரும்பவா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர், கடைக்காரர் அல்ல. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பழைய காரை டீலரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு உண்டு. தனி ஆளிடம் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று, உள்ளது உள்ளபடி வாங்கினால் இல்லை. ஆகவே தனி ஆளிடம் வாங்கும்போது மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு குறைக்கும் பழுதுச் செலவை எழுதிக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று கேட்பதற்கும் "இரண்டு டயர், கிளட்ச், மொத்தம் 7,500" என்று கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. வீட்டுக் கடனுக்கும் ஒரே வங்கியோடு நிற்காதீர்கள். பல வங்கிகளில் விண்ணப்பித்துத் தரும் இடைத்தரகர்களுக்குக் கமிஷன் வங்கிதான் கொடுக்கிறது.

ஒன்று சொல்லியாக வேண்டும். டர்பன் வார்விக் சந்திப்பில் கீரைக்கட்டு விற்கும் கோகோவிடம், அந்தச் சூலுப் பாட்டியிடம், இரண்டு ராண்டுக்குப் பேரம் பேசாதீர்கள். அவருக்கு அது அன்றைய டாக்சிக் காசு. பேரம் பேச வேண்டிய இடம் எது என்று தெரிவதும் இந்தக் கலையில் சேர்த்தி.

ஏழாம் படி: நீங்களே பேச வேண்டுமா?

சூலு வீடுகளில் லோபோலா, அதாவது மாப்பிள்ளை வீடு பெண் வீட்டுக்குக் கொடுக்கும் பரிசம், பேசும்போது மாப்பிள்ளை அந்த இடத்தில் இருக்கமாட்டார், பெரியவர்கள்தான் போவார்கள். நம் கல்யாணப் பேச்சிலும் மாமனும் சித்தப்பாவும்தானே முன்னால் உட்காருகிறார்கள். நெஞ்சு கொதிக்கிறவர் பேசினால் வார்த்தை தடிக்கும். அண்ணன் தம்பிக்குள் சொத்துப் பேச்சு, கணவனை இழந்தவரின் காப்பீட்டுப் பணம், கடன் வசூல் போன்றவற்றில் இருவரும் மதிக்கும் ஒருவரை நடுவில் வையுங்கள். ஆனால் அவருக்கு உங்கள் எல்லை என்ன, எதை ஒப்புக்கொள்ள அதிகாரம் உண்டு என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: பேச்சு முறிந்தால்

இந்த நாட்டில் ஏழைக்கும் ஓர் அடுத்த கடை இருக்கிறது. நியாயமில்லாமல் வேலையை விட்டு எடுத்தால் சி.சி.எம்.ஏ. என்ற சமரச ஆணையத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை. ஆனால் நீக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் 7.11 படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். மேலாளர் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுத்தடிக்கும்போது நம்மவர்கள் பலர் இந்த நாளைத் தவறவிடுகிறார்கள். முதல் கட்டச் சமரசப் பேச்சில் வக்கீலுக்கு இடமில்லை, அங்கே பேசுவதைப் பின்னால் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தவும் முடியாது. ஆகவே தைரியமாக மனம்விட்டுப் பேசலாம். வாடகைத் தகராறுக்கு மாகாண வாடகை வீட்டுத் தீர்ப்பாயம், அதற்கும் கட்டணமில்லை. 20,000 ராண்ட் வரையிலான பணத் தகராறுக்குச் சிறுகோரிக்கை நீதிமன்றம். முதலில் 14 நாள் கெடு வைத்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும்.

இவற்றை மிரட்டலாகச் சொல்லாதீர்கள். "நமக்குள்ள பேசி முடிக்கத்தான் விரும்பறேன். முடியலைன்னா 15-ஆம் தேதி தீர்ப்பாயத்துல மனு கொடுப்பேன்." தேதியோடு, மெதுவான குரலில். சொன்ன தேதியில் செய்யுங்கள்.

ஒன்பதாம் படி: அன்றே எழுதிவிடுங்கள்

கைகுலுக்கிய அன்று மாலையே மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்புங்கள்: இன்று பேசியது, ஒப்புக்கொண்டது, எந்தத் தேதிக்குள். "நான் புரிந்துகொண்டதில் தவறிருந்தால் சொல்லுங்கள்" என்று முடியுங்கள். மனிதரை நம்பாததால் அல்ல. ஆறு மாதத்தில் அந்த மேலாளரே வேறு கிளைக்கு மாறிப் போயிருப்பார்.

பழக்கம் வேண்டுமென்றால் சின்ன இடத்தில் தொடங்குங்கள். இந்த வாரம் இணைய இணைப்பு நிறுவனத்துக்குப் போன் போட்டு, ஒப்பந்தம் முடிகிறது, வேறு நிறுவனம் குறைவாகக் கேட்கிறது, நீங்கள் என்ன செய்யமுடியும் என்று கேளுங்கள். வீட்டில் யாரையாவது மேலாளராக உட்காரவைத்து, தொகையைச் சொல்லி வாயை மூடும் அந்த இடத்தைப் பத்து முறை சொல்லிப் பாருங்கள். அக்கா மகனோடு அவர்கள் வீட்டுச் சமையலறையில் அதைத்தான் செய்தேன். அக்கா மேலாளர், அவன் எதிரே. முதல் மூன்று முறையும் "பரவாயில்ல" என்று முடித்தான். நான்காவது முறை தொகையைச் சொல்லிவிட்டு நிறுத்தினான். அடுப்பில் ரசம் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அக்காதான் முதலில் வாய் திறந்தார்.

மார்ச் மாதப் பரிசீலனையில் அவன் கேட்டது முழுக்கக் கிடைக்கவில்லை. மாதம் 1,400 ராண்ட் கூடியது, செப்டம்பரில் மறுபடி பேசலாம் என்பது கடிதத்தில் ஏறியது. அன்று மாலை அவன் அனுப்பிய மின்னஞ்சலை எனக்குக் காட்டினான். நான்கு வரிகள்தான், கடைசி வரியில் செப்டம்பர் தேதி இருந்தது.